கூடம் கோணல்

பெட்டிக்குள் ஈரப்பதம் காட்டும் முள் அறுபத்துநான்கில் நின்றது. பத்துக்கு இறங்க வேண்டும். எப்படியும் முக்கால் மணி நேரமாகும். அதுவரை பெட்டியின் மூடியைத் திறக்கக் கூடாது, லேசரால் சுடக் கூடாது, உட்கார்ந்திருப்பதைத் தவிர வேறு வேலை இல்லை, வேறு வேலை இல்லாதபோதுதான் சண்முகவடிவுக்குக் கோபம் நன்றாக வரும். முதலில் சென்னையின் மேல் வந்தது. மதியம் இரண்டு மணிக்கு வேர்த்துக் கொட்டுகிற ஊரில் காற்றில் ஈரம் இல்லாமல் என்ன செய்யும், ஈரக்காற்று கீச்சுச் சத்தத்தையெல்லாம் பாதி வழியிலேயே தின்று ஏப்பம் விட்டுவிடும், அதற்காகத்தான் மூலையில் அந்த நைட்ரஜன் சிலிண்டர் உஸ்ஸென்று பெட்டிக்குள் ஊதிக்கொண்டிருக்கிறது. பெட்டி என்பது அம்மாவின் சொல். ஞாயிற்றுக்கிழமை தோறும் போனில், "ஏட்டி, இன்னும் அந்தப் பொட்டிக்குள்ளதான் சத்தம் போட்டுக்கிட்டு இருக்கியா?" என்று கேட்பாள். பெட்டி இல்லை அம்மா, அரங்கம். கொங்குப் பக்கம் ஓர் ஊரில் ஓர் அறக்கட்டளை கட்டுகிற ஆயிரத்து நூறு இருக்கை அரங்கம், பத்தில் ஒரு பங்காகச் சுருங்கி, மூன்று மீட்டர் நீளத்தில், வார்னிஷ் அடித்த பலகையில், நான்கு கால்களில் நிற்கிறது. உள்ளே ஆயிரத்து நூறு கம்பளித்துணிப் பொம்மைகள் உட்கார்ந்திருக்கின்றன. ஒவ்வொன்றும் இவள் கையால் வெட்டியது. அரங்கம் பத்து மடங்கு சின்னதானால் சத்தமும் பத்து மடங்கு கீச்சாக வேண்டும், அந்தச் சத்தத்தை எழுப்ப ஒரு ஸ்பீக்கரைக் கொண்டுபோய் மேடையில் வைத்தால் மேடையே அடைத்துக்கொள்ளும், பேச்சாளர் இடத்தில் ஒரு யானை நின்ற மாதிரி. அதற்குத்தான் லேசர். கண்ணுக்குத் தெரியாத கதிரைக் கண்ணாடி வில்லை ஒரு புள்ளியில் குவிக்கும், அந்தப் புள்ளியில் காற்றே வெடிக்கும். டிச். ஊதா வெள்ளையாய் ஒரு கண்சிமிட்டல். அங்கே ஒரு பொருளும் இருக்காது, சத்தம் மட்டும் இருக்கும். பதினான்கு வருஷம் பார்த்த பிறகும் அது அவளுக்கு அலுக்கவில்லை. அலுக்காத ஒன்றைத்தான் இப்போது அவளுக்கு எதிராகத் திருப்பியிருக்கிறார்கள். ஐம்பத்தெட்டு.

திருப்பியவர் பேராசிரியர் தணிகாசலம். ஆய்வுக்கூடத்தின் தலைவர், நல்லவர் என்று ஊரெல்லாம் பெயர், வடிவையே கேட்டாலும் போன வெள்ளி வரைக்கும் நல்லவர் என்றுதான் சொல்லியிருப்பாள். வருஷா வருஷம் அவளுடைய தற்காலிக வேலையை நீட்டிக்கச் சொல்லிக் கடிதம் எழுதுகிறவர் அவர்தான். மூன்று வாரமாக அளந்ததில் திரையின் வரைபடத்தில் ஒரு குன்று தெரிகிறது. மேடையில் டிச் என்று வெடித்த சத்தம் பின்சுவர் வரை போய், அங்கிருந்து கட்டாகத் திரும்பி, பதினேழரை மில்லிசெகண்டில் மேடைக்கே வந்து நிற்கிறது. நிஜ அரங்கத்தில் அதற்குப் பத்து மடங்கு நேரம். அதாவது பேசுகிறவன் அடுத்த சொல்லுக்கு வாயைத் திறக்கும்போது முந்தின சொல் அவன் முகத்தில் வந்து அடிக்கும். காரணம் பின்சுவரின் வளைவு. கட்டடக் கலைஞருக்கு அந்த வளைவுதான் உயிர், அதுதான் அழகாம், படத்தில் பார்த்தால் சிப்பி மாதிரி இருக்கிறதாம். சிப்பிக்குள் நின்று எவன் பேசப்போகிறான். வெள்ளிக்கிழமை குன்றைக் காட்டினாள். பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "லேசரோட கோளாறா இருக்கலாம்மா, யோசிக்கிறேன்" என்றார். இருக்கலாம். திங்கட்கிழமை காலையில் அச்சடித்த அறிக்கையோடு வந்தார். அதில் இருக்கலாம் இல்லை. 'லேசரின் மிச்ச ஒளி பின்சுவரில் படுவதால் சுவரே எழுப்பும் பொய்ச் சத்தம்; அரங்கில் எதிரொலி இல்லை.' கீழே, அளந்தவர் என்று போட்டு ஒரு கோடு. கோட்டுக்கு மேல் அவள் கையெழுத்து வேண்டும், செவ்வாய் சாயங்காலத்துக்குள், அதாவது இன்றைக்குள். ஏனென்றால் வியாழக்கிழமை பின்சுவருக்குக் கான்கிரீட் போடுகிறார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க வேண்டும், அதையும் இவள் கையால் பரிமாற வேண்டும். ஆனால் வெறும் பொய் என்று தூக்கி எறியவும் முடியவில்லை, அங்கேதான் வயிறு எரிந்தது. வெடித்தது போக மிச்ச ஒளி சுவரில் படுவது நிஜம். பட்ட இடத்தில் வார்னிஷ் பொரிந்து கடுகளவு தீய்ந்திருப்பது நிஜம். தீயும்போது சுவர் சன்னமாக ஒரு சத்தம் போடும் என்று நான்கு வருஷம் முன்னால் கட்டுரை எழுதியவளே இவள்தான். எட்டரை மில்லிசெகண்டில் அந்தச் சத்தம் ஒரு பருவைப் போல வரைபடத்தில் இருக்கவும் செய்கிறது. அந்தப் பரு பக்கச்சுவரில் ஒருமுறை, கூரையில் ஒருமுறை முட்டிவிட்டு வந்தால் பதினேழரையில் வரும், குன்றாகத் தெரியும் என்கிறார். பரு எப்படிக் குன்றாகும் சார் என்றால், "வளைஞ்ச ரூம்ல எது வேணா எங்க வேணா குவியும்மா, நீயே எழுதியிருக்கியே" என்கிறார். சொந்தக் கத்தியாலேயே விலாவில் குத்து. அதையும் அம்மா அம்மா என்று சொல்லிக்கொண்டே.

நாற்பத்தொன்பது. எழுதியிருக்கியே. ஆமாம், எழுதியிருக்கிறாள், அவளுக்கு எழுத வரும், பேசத்தான் வராது. பேச வராது என்று முடிவானது எட்டாம் வகுப்பில், தாமிரபரணிக் கரையில் அவள் ஊர் நகராட்சி மண்டபத்தில், மாவட்டப் பேச்சுப் போட்டியில். மேடை ஏறும்போது ஒரு பயமும் இல்லை. இரட்டைச் சடை, கஞ்சி மொடமொடக்கும் தாவணி, மனப்பாடம் தண்ணீர் பட்ட பாடு. அவைத்தலைவர் அவர்களே என்றாள். பின்னால் கதவுப் பக்கமிருந்து எவனோ, களே என்றான். நடுவர் பெருமக்களே என்றாள். க்களே. அவள் குரல் மாதிரியே இழுத்து, அவள் மாதிரியே கொஞ்சம் மூக்கால். முன்வரிசையில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, அவளுக்கு மட்டும்தான் கேட்கிறது என்று அப்போது எப்படித் தெரியும். அடுத்த வரியை அவன் முடிக்கட்டும் என்று நின்றாள். நின்றால் அவனும் நின்றான். வேகமாகச் சொன்னால் அவன் முந்தின சொல்லை இவள் வாயில் போட்டுக் குழப்பினான். நாக்கு தடுக்கியது. மறுபடி தடுக்கியது. காது மடல் எரிந்தது. செந்தமிழ் பொங்கிக்கொண்டிருந்த மைக்கில், எழுநூறு பேருக்கு முன்னால், வடிவு வாயைத் திறந்து, "எவம்லே அது?" என்று கத்தினாள். மண்டபம் ஒரு விநாடி ஆடிப்போய், அப்புறம் கூரை பெயர்ந்து விழும்படி சிரித்தது. சிரிப்புக்கு முன்னால், அந்த ஒரு விநாடியில், பின்சுவர் அவளைப் பார்த்துக் கேட்டது: ம்லே அது? கீழே இறங்கி ஞானசௌந்தரி டீச்சரிடம், "டீச்சர், மண்டபம் திருப்பிப் பேசுது" என்றாள். டீச்சர் அத்தனை பிள்ளைகளுக்கு முன்னால், "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றார். அவ்வளவுதான். வருகிற போகிற எல்லோரும் எவம்லே அது, எவம்லே அது. பன்னிரண்டாவது முடிக்கிறவரை அதுதான் அவள் பெயர். மேடை என்றால் இன்றைக்கும் நாக்கு ஒட்டிக்கொள்ளும், கருத்தரங்கில் அவள் கட்டுரையைப் பேராசிரியர்தான் வாசிப்பார், அவளுக்கு உதவியாக, பாவம் பேச வராதவள் என்று. கல்லூரியில் ஒலியியல் புத்தகத்தில் வளைந்த சுவர் சத்தத்தைக் குவிக்கும் என்ற பக்கத்தைப் படித்த நாளில் நூலகத்திலேயே அழுதாள். துக்கத்தில் இல்லை. ஆத்திரத்தில். கூடம் கோணல்தான். கோணலாக இருந்தது கூடம்தான். இதை ஞானசௌந்தரி டீச்சர் வீட்டுக் கதவைத் தட்டிச் சொல்ல வேண்டும் என்று பஸ் ஏறப் போனாள், டீச்சர் போய்ச் சேர்ந்து இரண்டு வருஷமாகியிருந்தது. சொல்ல ஆள் இல்லாத பதிலை வைத்துக்கொண்டு ஒருத்தி என்ன செய்வாள். அரங்கம் அரங்கமாக அளப்பாள்.

முப்பத்தெட்டு. இறங்குகிறது, இறங்கட்டும். நியாயமாகப் பார்த்தால் ஒரே ஒரு சோதனையில் இது தீர்ந்துபோகும். லேசரைத் திருப்பிவிட வேண்டும். இதுவரை மேடைக்குப் பின்னாலிருந்து கதிரை விட்டாள், மிச்சம் போய்ப் பின்சுவரில் விழுந்தது. அதற்குப் பதில் மேடையின் இடது ஓரத்துக் கதவு வழியாக விட்டால், சத்தம் அதே புள்ளியில் வெடிக்கும், மிச்சம் வலது ஓரத் தட்டியில் விழும். பின்சுவரில் ஒளியே படாது. பிறகும் குன்று நின்றால் அது எதிரொலி. விழுந்தால் பேராசிரியர் சொன்னதே சரி. அரை நாள் வேலை. மூன்று வாரமாக ஏன் செய்யவில்லை? கதிரைத் திருப்பும் ஆடியைத் தாங்குகிற பிடியை நகர்த்த வேண்டும், நேரம் இல்லை, பொம்மைகள் சரிந்துவிடும். எல்லாம் சாக்கு. முப்பத்தைந்தில் முள் கொஞ்சம் தயங்கியது, அவளும் தயங்கினாள், பிறகு ஒத்துக்கொண்டாள்: பயம். குன்று விழுந்துவிட்டால்? வேண்டும் வேண்டும் என்று கிடந்தவள் கண்ணுக்கு எல்லாச் சுவரும் வளைவாகத்தானே தெரியும். அவளுக்கு அந்த எதிரொலி வேண்டியிருந்தது. இல்லாத இடத்தில் இருபத்தொன்பது வருஷமாக அதைத் தேடி, இப்போது ஒரு லேசர்ப் பொறியைப் பிடித்துக்கொண்டு எவம்லே அது என்று கத்துகிறாளோ, ஆடத் தெரியாதவளாகவே இருந்துவிட்டாளோ என்று நினைத்தாள். நினைத்ததற்கும் சேர்த்துக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தில்தான் இன்று காலை ஸ்பானரை எடுத்தாள். பிடியின் திருகு அசைய மறுத்தது. அவ்வளவு இறுக்கம், எந்தக் கடன்காரி இப்படி முறுக்கியது என்று தன்னையே திட்டிக்கொண்டு இரண்டு கையாலும் திருப்பினாள். தன்னைத் திட்டுவது இந்த வாரம் புதிதல்ல. நேற்று லேசரின் எண்ணியைப் பார்த்தபோதும் திட்டிக்கொண்டாள். எத்தனை முறை சுட்டது என்று லேசர் தானே எண்ணிக் காட்டும், தினமும் மூடும்போது அதை நோட்டில் எழுதுவாள். சனிக்கிழமை எழுதியது 48,210. நேற்றுக் காலையில் எண்ணி 48,240 என்றது. பதினான்கு வருஷத்தில் முதல் தடவையாகத் தப்பாக எழுதியிருக்கிறாள். சனிக்கிழமை எண்ணை அடித்துவிட்டு மேலே 48,240 என்று எழுதினாள். மனசு கேட்காமல் பேராசிரியரிடம் போய், "சார், கணக்குல ஒரு தப்பு பண்ணிட்டேன், முப்பது குறைச்சு எழுதிட்டேன்" என்று சொல்லவும் செய்தாள். அவர் ஏதோ காகிதத்தைப் பார்த்துக்கொண்டு, "பரவால்லம்மா, மனுஷங்கதானே" என்றார். எவ்வளவு பெருந்தன்மை.

இருபத்திரண்டு. சும்மா உட்கார முடியாமல் எழுந்து, குறி பார்க்கிற சிவப்பு விளக்கைப் போட்டாள். அது சுடாத கதிர், சுடுகிற கதிர் எங்கே போகும் என்று வழி காட்டுவதற்கு மட்டும். மூடியின் அக்ரிலிக் கண்ணாடி வழியாகக் குனிந்து பார்த்தாள். சிவப்புப் புள்ளி இடது கதவில் நுழைந்து, மேடையைக் கடந்து, வலது தட்டியில் போய் உட்கார்ந்தது. புள்ளிக்கு மேலே, ஒரு சாந்துப்பொட்டு அகலம் தள்ளி, பலகையில் ஒரு மரமுடிச்சு. டார்ச்சை அடித்தாள். முடிச்சு இல்லை. வார்னிஷ் பொரிந்து, நடுவில் கடுகளவு கருகி, சுற்றி வெளிர்பழுப்பாய் ஒரு வளையம். பின்சுவரில் இருப்பதன் உடன்பிறப்பு. வடிவு முதலில் எதையும் நினைக்கவில்லை. டார்ச்சை அணைத்தாள், மறுபடி போட்டாள், அது அங்கேயே இருந்தது. இந்தப் பக்கத்திலிருந்து அவள் ஒரு தடவைகூடச் சுட்டதில்லை. பெட்டி செய்து வந்தபோது தட்டிகளுக்கு வார்னிஷ் அடித்ததும் அவள்தான், ஒரு குற்றம் குறை கிடையாது. லேசருக்கு இரண்டு சாவி. ஒன்று அவள் கைப்பையில், மற்றது பேராசிரியரின் மேசை டிராயரில். இறுகிக் கிடந்த திருகு. ஆம்பிளைக் கை இறுக்கிய திருகு. முப்பது. சனிக்கும் திங்களுக்கும் நடுவில் முப்பது. இருக்கலாம் என்று வெள்ளிக்கிழமை சொன்னவர் ஞாயிற்றுக்கிழமை தனியாக வந்திருக்கிறார், ஆடியைத் திருப்பியிருக்கிறார், அவள் பயந்து பயந்து தள்ளிப்போட்ட சோதனையை முப்பது முறை செய்திருக்கிறார், குன்று விழுந்ததா நின்றதா என்று தெரிந்துகொண்டு, ஆடியைப் பழையபடி வைத்து முறுக்கிவிட்டுப் போயிருக்கிறார். விழுந்திருந்தால் திங்கட்கிழமை அந்த வரைபடத்தைத்தானே அவள் முகத்தில் வீசியிருப்பார். வீசவில்லை. அறிக்கையைக் கொண்டுவந்தார். அவருக்குத் தெரியும். கதிர் சுவரில் தடம் வைத்துவிட்டுப் போகும் என்பது மட்டும் நினைவில் இல்லை, பொம்மை வெட்டித் தட்டி துடைக்கிறவளுக்குத்தானே அது மறக்காது. இதில் எதற்கு அதிகம் கோபப்படுவது என்று தெரியாமல் தவித்து, கடைசியில் அவள் மனசு ஒன்றில் போய்ச் சிக்கிக்கொண்டு அங்கேயே கிடந்தது. மன்னிப்புக் கேட்டாளே. சரியாக எழுதியதை அடித்துவிட்டுப் போய் மன்னிப்புக் கேட்டாளே. அவரும் மன்னித்தாரே. மனுஷங்கதானே. செருப்பைக் கழற்றித் தன்னையே அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது, அவரை அடிக்கலாம் போலிருந்தது. செல்போனை எடுத்துத் தடத்தைப் படம் பிடித்தாள்.

பதினாறு. பதின்மூன்று. இந்தக் கடைசி மூன்று கோடும் மூன்று யுகம். நோட்டைப் பிரித்து, நேற்று அடித்த 48,210-ஐ அதன் பக்கத்திலேயே மறுபடி பெரிதாக எழுதினாள். பத்து. லேசர்க் கண்ணாடியை மாட்டினாள், கதவுக்கு மேலே எச்சரிக்கைச் சிவப்பு விளக்கைப் போட்டாள், சாவியைத் திருப்பினாள். டிச். மேடையில் ஊதா வெள்ளை ஒரு தடவை கண் சிமிட்டியது. திரையில் எட்டரை மில்லிசெகண்டில் பரு இல்லை. துடைத்துவிட்ட மாதிரி இல்லை. பதினேழரையில் குன்று நின்றது, மூன்று வாரமாக நின்றபடியே, ஒரு மயிரிழை தாழாமல். டிச். நின்றது. இருபது முறை சுட்டாள், இருபது முறையும் நின்றது. கூடம் கோணல். அறக்கட்டளையின் பொறியாளருக்கு நான்கு வரி மின்னஞ்சல் எழுதி, வரைபடத்தையும் தடத்தின் படத்தையும் சேர்த்து அனுப்பினாள். பிறகுதான் கண்ணாடியைக் கழற்றினாள். மூக்குத்தண்டு வலித்தது.

கதவுக்கு மேலிருந்த சிவப்பு விளக்கு அணைந்ததும் பேராசிரியர் கையில் அறிக்கையோடு உள்ளே வந்தார். "என்னம்மா, படிச்சுப் பாத்துட்டியா?" என்று ஆரம்பித்தவரின் கண் நேராக ஆடியின் மேல் போய் நின்றது. வேறு யாராக இருந்தாலும் முதலில் திரையைப் பார்த்திருப்பார்கள்.

"லேசரத் திருப்பிட்டியா?"

"இங்க வந்து பாருங்க சார்." டார்ச்சை மூடிக்கு மேல் பிடித்தாள். "வலது தட்டி. ரெண்டு தடம் இருக்கு. கீழ இருக்கறது என்னோடது, இன்னிக்கு இருபது ஷாட். மேல ஒண்ணு இருக்கே, யாரு சார் அது?"

அவர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது முகம் ஒரே நாளில் கிழடு தட்டியிருந்தது, அதைப் பார்த்து அவளுக்கு இரக்கம் வரும் என்று அவர் நினைத்திருக்கலாம்.

"தெரிஞ்சுக்காம இருக்க முடியலம்மா. அதான் வந்தேன்."

"தெரிஞ்சுதா?"

"கம்பியெல்லாம் கட்டி முடிச்சிட்டாங்க வடிவு. இப்பப் போய் வளைவ எடுன்னா அவங்க அடுத்த கட்டடத்துக்கு நம்மகிட்ட வருவாங்களா? உன் வேலைக்கும் சேத்துதான் யோசிச்சேன்…"

"தெரிஞ்சுதா சார்?"

அவர் ஆமாம் என்று தலையை ஆட்டினார். பதின்மூன்று வயசில் மைக்கைப் பிடித்துக்கொண்டு கத்தியதற்கு இன்றைக்குத்தான் ஓர் ஆள் எழுந்து நின்றிருக்கிறான் என்று வடிவுக்குத் தோன்றியது. கொஞ்சமும் ஆறவில்லை. இன்னும்தான் எரிந்தது.

"பொறியாளருக்கு மெயில் போயிருச்சு. கான்கிரீட் போடாதீங்கன்னு சொல்லியிருக்கேன். ஞாயித்துக்கிழம நீங்களும் முப்பது ஷாட் எடுத்தீங்க, அதுல என்ன வந்துச்சுன்னு உங்களையே கேட்டுக்கச் சொல்லியிருக்கேன். நேத்து என்னைய மனுஷின்னு மன்னிச்சீங்கல்ல, அந்தக் கணக்கு இதுதான்."

நோட்டை அவர் பக்கம் திருப்பினாள். 48,211 முதல் 48,240 வரை, ஞாயிறு, இடப்பக்கத்திலிருந்து, அளந்தவர் பேராசிரியர் தணிகாசலம் என்று அவளுடைய குண்டு எழுத்தில் இருந்தது. முடிவு என்ற கட்டம் மட்டும் காலி.

"அத நீங்க எழுதுங்க சார்" என்று பேனாவை நோட்டின் மேல் வைத்தாள்.

அவர் பேனாவைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். வடிவு நாற்காலியை இழுத்து எதிரிலேயே உட்கார்ந்தாள். முள் இறங்க முக்கால் மணி நேரம் காத்திருந்தவள் இதற்குக் காத்திருக்க மாட்டாளா.